கணக்குப் புத்தகத்தை யார் எழுதுவது?

போன மாதம் ஒரு மாலை நேரம், நாங்கள் நடத்தும் இரவுப் பாடசாலைக்கு ஒரு பெண் பிளாஸ்டிக் உறை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். உறைக்குள் தங்க நிறக் கரை போட்ட சான்றிதழ். 'வணிக மென்பொருள் உருவாக்கத்தில் அட்வான்ஸ்டு டிப்ளமா' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அவள் வரலாற்றில் பி.ஏ. முடித்தவள், வீட்டின் முதல் பட்டதாரி. இந்தச் சான்றிதழுக்காக ஓராண்டு தினமும் டவுனுக்கு பஸ் ஏறியிருக்கிறாள். நான்கு தவணையில் 48,000 ரூபாய் கட்டியிருக்கிறாள். முதல் தவணைக்கு அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது.

"அக்கா, ஒரு வேலைக்கு ஆன்லைன்ல அப்ளை பண்றேன். இந்த கோர்ஸ எந்த யுனிவர்சிட்டி குடுத்துச்சுன்னு கேக்குது. என்ன போடறது?"

போடுவதற்கு எதுவும் இல்லை. சான்றிதழின் அடியில் ஒரு பதிவு எண் இருந்தது. அது அந்த மையம் தன்னை ஒரு நிறுவனமாகப் பதிவு செய்துகொண்ட எண். படிப்புக்கு யாரும் அங்கீகாரம் தந்த எண் அல்ல. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு என்று அவளுக்குச் சொல்லித் தர வீட்டில் யாரும் இல்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பணம் வாங்கியவருக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும்.

இதை இன்னொரு ஏமாற்றுக் கதையாக எழுதி, "எச்சரிக்கையாக இருங்கள்" என்று முடித்துவிடலாம். அதோடு விட எனக்கு மனமில்லை. அவள் விஷயம் தெருவில் தெரிந்ததும் பெரியவர்கள் சொன்னது: "நம்ம புள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? பேசாம குரூப் ஃபோர் படி." படித்த இளைஞர்கள் சிலர் சொன்னது வேறு மாதிரி: "அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேரெல்லாம் பழசு. நேரா ஏ.ஐ. கத்துக்கோ." இரண்டோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அவள் படிக்கத் தேர்ந்தெடுத்தது சரியான படிப்பு. அதை அவளுக்கு அரைகுறையாக விற்றார்கள் என்பதுதான் என் கோபம்.

வணிக மென்பொருள் என்றால் என்ன? பில் போடுவது, சரக்கு இருப்பு பார்ப்பது, சம்பளம் கணக்கிடுவது, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று வைத்திருப்பது. சுருக்கமாக, கணக்குப் புத்தகம். நம் சமூகத்துக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் உள்ள உறவு என்னவென்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். படியாள் வாங்கிய நெல்லும் பணமும் ஆண்டையின் நோட்டில் ஏறும். கைநாட்டு நம்முடையது, எழுத்து அவர்களுடையது. எவ்வளவு தீர்ந்தது, எவ்வளவு நிற்கிறது என்று அந்த நோட்டுதான் சொல்லும், அதைப் படிக்க நமக்குத் தெரியாது. 1892-இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் கைமாறிப் போன கதையில் அடியாட்களின் தடிக்கு இருந்த பங்கு, ஊர்க் கணக்கருடைய பேனாவுக்கும் இருந்தது. கர்ணம், மணியம் போன்ற பரம்பரைப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980-இல் ஒழித்த பிறகுதான், தேர்வு எழுதி நம் பிள்ளைகள் கிராம நிர்வாக அலுவலராக அந்தப் பதிவேட்டைத் தொட முடிந்தது.

இப்போது பதிவேடு கணினிக்குள் போயிருக்கிறது. அதன் கட்டங்களை வரைவது யார் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. 2021 மார்ச்சில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது நினைவிருக்கும். அடுத்த நிதியாண்டு முதல் நூறு நாள் வேலைக் கூலியைப் பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி, மற்றவர்கள் என்று மூன்றாகப் பிரித்து அனுப்ப வேண்டும் என்றது. விளைவு, ஒரே ஏரியில் ஒரே நாளில் மண் அள்ளியவர்களுக்கு வேறு வேறு நாளில் கூலி வந்தது. வேலைத் தளத்தில் "உங்களுக்கு மட்டும் வந்துருச்சாமே" என்ற பேச்சு கிளம்பியது. சேரிப் பெண்களும் ஊர்ப் பெண்களும் சேர்ந்து நிற்கிற வெகு சில இடங்களில் அதுவும் ஒன்று, அங்கேயே பிரிவினையை மூட்டினார்கள். எதிர்ப்பு வந்த பிறகு கைவிட்டார்கள். மென்பொருளைப் பொறுத்தவரை அது ஒரு சின்ன மாற்றம். பட்டியலில் ஒரு கூடுதல் பத்தி, பணம் அனுப்பும் ஆணையை அந்தப் பத்தியின்படி பிரிக்கும் ஒரு கட்டளை, அவ்வளவுதான். அதை எழுதிய மேசையில், ஏரி வேலைக்குப் போன தாயின் மகள் ஒருத்தி இருந்திருந்தால் "சார், இது சண்டையில முடியும்" என்றாவது சொல்லியிருப்பாள்.

சரி, இந்தப் பெண்ணுக்கு அந்த ஓராண்டில் என்ன கற்றுக்கொடுத்தார்கள்? ஜாவா கொஞ்சம், தரவுத்தளம் கொஞ்சம், டேலியில் வவுச்சர் போடுவது, எக்செல். கட்டளைகளை அவள் தப்பில்லாமல் எழுதுகிறாள். "பற்று, வரவு ரெண்டு பக்கமும் ஏன் சமமா வரணும்?" என்று கேட்டேன். தெரியவில்லை. அது அவள் குற்றமல்ல. மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கல்லாப் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தே இது பாதி விளங்கிவிடும். சிட்டை, பேரேடு, கடன் கொள்முதல், இருப்பு எல்லாம் அவர்கள் வீட்டில் சோறு உண்ணும்போது பேசுகிற பேச்சு. நம் வீட்டில் அந்தப் பேச்சு நடந்ததில்லை. அதனால் நம் பிள்ளைகளுக்குத்தான் கணக்கியல் முதலில் வர வேண்டும், கோடிங் அதற்குப் பிறகு. அந்த மையத்தில் கணக்கியலுக்கு ஒதுக்கியது இரண்டே வாரம்.

இந்தப் படிப்பில் இன்னொரு கட்டம் உண்டு. ஒரு கடைக்கோ ஆலைக்கோ நேரில் போய், அங்கே கணக்கு எப்படி நடக்கிறது என்று கேட்டு எழுதி, அதற்கேற்ப மென்பொருள் வடிவமைப்பது. மொத்தப் படிப்பின் உயிரே இதுதான். இவளும் உடன் படித்த ஒரு பையனும் டவுனில் ஓர் அரிசி மண்டிக்குப் போயிருக்கிறார்கள்.

"எந்த ஊரும்மா?" என்றார் முதலாளி. சொன்னாள்.

"ஊர்லயா, காலனியா?"

சொன்னாள். பையனுக்கு நாற்காலி வந்தது. அவள் முக்கால் மணி நேரம் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றாள். முதலாளி பேசியதெல்லாம் பையனோடுதான். அவனுக்கோ என்ன கேட்பதென்று தெரியவில்லை. நின்றுகொண்டே இவள்தான் கேட்டிருக்கிறாள்: "ஏன் சார் எல்லா மூட்டையும் 26 கிலோவா இருக்கு?" 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரையிலான, பெயர் அச்சிட்டுக் கட்டிய அரிசிப் பைக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அதற்கு மேல் போனால் இல்லை. அதனால் பிறந்தது 26 கிலோ மூட்டை. அரிசி மண்டிக்கு மென்பொருள் எழுதுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டிய விஷயமே இதுதான். அதைக் கேட்டு வாங்கியவள் அவள். கடைசியில் முதலாளி பையனைப் பார்த்துச் சொன்னது: "கணக்கெல்லாம் கண்டவங்ககிட்ட காட்ட முடியாது. வேணும்னா நீ மட்டும் வா."

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். மண்டியில் எப்போது நீங்கும் என்று தெரியவில்லை.

மையத்தில் போய்ச் சொன்னால், அங்கே அதற்கொரு வழி தயாராக இருந்தது. டவுனில் ஆயத்தமான புராஜெக்டை சி.டி.யோடு விற்கிறார்கள், 3,000 ரூபாய். பெயரை மாற்றிக் கொடுத்தால் போதும். அவளும் வாங்கிக் கொடுத்தாள். இதை என்னிடம் சொல்லும்போதுதான் அழுதாள். மண்டியில் நின்றதைச் சொன்னபோதுகூட அழவில்லை.

அழுது முடித்த பிறகு, பாடசாலையில் இருக்கும் பழைய கணினியில் உட்காரச் சொன்னேன். அம்மாவின் குழுக் கடனை எடுத்துக்கொள்ளலாம் என்றோம். 30,000 ரூபாய் கடன், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, மாதம் 2,800 வீதம் 12 தவணை. அட்டையில் அப்படித்தான் இருக்கிறது. மொத்த வட்டி 3,600. கேட்பதற்குச் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் மாதாமாதம் அசலும் சேர்ந்துதான் திரும்பிப் போகிறது. கடைசி மாதம் அம்மாவின் கையில் இருப்பது மூவாயிரத்துக்கும் குறைவான கடன்தான். வட்டி மட்டும் முதல் நாள் வாங்கிய முப்பதாயிரத்துக்கும் சேர்த்தே விழுகிறது. குறையும் நிலுவைக்கு வட்டி கணக்கிடும் நிரலை அவளே எழுதினாள், இரண்டு ராத்திரி ஆனது. அதே 2,800 தவணைக்கு உண்மையான வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று திரையில் வந்தது. மறுநாள் குழுக் கூட்டத்தில் அதை ஒரு தாளில் எழுதி வாசித்தாள். ஒன்பது பெண்கள் அமைதியாகக் கேட்டார்கள். ஒருவர், "அப்போ அந்தத் தம்பி பன்னெண்டுன்னு சொன்னது?" என்றார்.

நாற்பத்தெட்டாயிரம் வாங்கிய இடத்தில் சொல்லித்தராத படிப்பு இதுதான்.

இனி, படிக்க நினைக்கிறவர்களுக்கும் பெற்றோருக்கும் சில விஷயங்கள். அட்வான்ஸ்டு டிப்ளமா என்ற பெயரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதற்கு மதிப்பு தருவது பின்னால் இருக்கும் அமைப்பு. ஒன்றிய மின்னணுவியல் அமைச்சகத்தின் கீழ் உள்ள, முன்பு டோயக் என்று அழைக்கப்பட்ட நிறுவனம் நடத்தும் 'ஏ' லெவல் தேர்வு அட்வான்ஸ்டு டிப்ளமாவுக்கு இணையானது. அதற்குச் சென்னையில் மையம் உண்டு. கல்லூரிகளில் பி.வோக். படிப்பு இருக்கிறது, ஓராண்டு முடித்தால் டிப்ளமா, ஈராண்டு முடித்தால் அட்வான்ஸ்டு டிப்ளமா, மூன்றாண்டு முடித்தால் பட்டம். பாதியில் குடும்பச் சூழலால் நிற்க நேரும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு பொருந்தும். பல்கலைக்கழகங்கள் நடத்தும் பி.ஜி.டி.சி.ஏ. இருக்கிறது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்புக்குத்தான் கிடைக்கும். ஆகவே பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இதுக்கு ஸ்காலர்ஷிப் வருமா?" மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசிடம் நான் கேட்பது வேறு. தாட்கோ வழியாகவும் 'நான் முதல்வன்' வழியாகவும் திறன் பயிற்சிகள் நடக்கின்றன, மறுக்கவில்லை. கணக்கியலோடு சேர்த்த ஒரு முழு ஆண்டு அட்வான்ஸ்டு டிப்ளமாவை, விடுதி இடமும் உதவித்தொகையும் தந்து, மாவட்டத்துக்கு ஒரு பாலிடெக்னிக்கில் நடத்தட்டும். புராஜெக்டுக்கு மாணவர்களைத் தனியார் மண்டி வாசலில் நிறுத்த வேண்டாம். கூட்டுறவுச் சங்கம், ஆவின், நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கு என்று அரசின் கையில் எத்தனை கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன! அவற்றைத் திறந்து காட்டட்டும். அங்கேயும் சாதி பார்ப்பார்கள்தான். ஆனால் அங்கே புகார் எழுத ஒரு மேலதிகாரி இருப்பார்.

படித்துவிட்டால் வேலை கிடைத்துவிடுமா என்றால், அவ்வளவு எளிதல்ல. தனியார் துறையில் இட ஒதுக்கீடு இல்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வைப் பலர் அறிந்திருப்பீர்கள். தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு ஒரே தகுதியோடு பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பம் அனுப்பினார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை என்று நாம் பெருமைப்படுகிறோம். இங்கே அந்த வேலையை முகவரி செய்கிறது. சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிபோர்னிய அரசின் துறை 2020-இல் சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்ததும் எல்லோரும் அமெரிக்காவிலுமா என்று வாயைப் பிளந்தார்கள். நம் டவுன் மண்டியைப் பார்த்தவர்களுக்கு அதில் வியப்பு ஏதுமில்லை.

அம்பேத்கரைச் சட்ட மேதையாகவே நினைத்துப் பழகிவிட்டோம். அவர் கொலம்பியாவிலும் லண்டனிலும் முனைவர் பட்டம் வாங்கியது பொருளாதாரத்தில். பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் ஒன்றையும் தொடங்கிப் பார்த்தார். அவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள், தொழில் மூடப்பட்டது. 1918-இல் சைடன்ஹாம் வணிகக் கல்லூரியில் அரசியல் பொருளாதாரம் கற்பிக்கப் போனார். பேராசிரியர்களின் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்கு அங்கேயும் ஆட்சேபம் வந்தது. அதற்காகப் பணக் கணக்கு பற்றி எழுதுவதை அவர் விட்டுவிடவில்லை.

அந்தப் பெண் இப்போது 'ஏ' லெவலுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். மையத்தின் மேல் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க, ரசீதுகளைத் தேடி எடுத்துக் கோத்து வைத்திருக்கிறோம். மூன்றாவது தவணைக்கு மட்டும் ரசீது கிடைக்கவில்லை. இதற்கிடையில் பக்கத்துத் தெருக் குழுவும் தங்கள் கடன் அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. சும்மா செய்துகொடுக்க வேண்டாம், ஓர் அட்டைக்கு இவ்வளவு என்று வாங்கு என்று சொல்லியிருக்கிறேன். எவ்வளவு கேட்கலாம் என்றுதான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.