ஹெட்செட்டில் சத்தம் வரவில்லையா? கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் இதை வாசியுங்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டார் பொறுமையாக வாசிக்கவேண்டும். இதில் ஆசிரியர்களாகிய நமது பிழையும் இருக்கிறது. அதை மறைக்காமலே எழுதுகிறோம்.

உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி. இரவு எட்டு மணிக்கு ஸூம் வகுப்பு. நேரத்துக்கு வந்துவிடுவாள். ஆனால் கேள்வி கேட்டால் பதில் இருக்காது. எப்போதாவது மைக்கைத் திறந்தால் நமது குரலே நமக்கு எதிரொலியாகத் திரும்பி வரும். கூடவே பாத்திரச் சத்தம், சின்னப் பிள்ளைகளின் கூச்சல். "பிள்ளை, மைக்கை மூடுங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்து, ஒரு நாள் அவளை வகுப்பிலிருந்தே வெளியேற்றிவிட்டோம். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

ஒரு மாதம் கழித்துத்தான் வீட்டுக்குப் போய் விசாரித்தோம். "சேர், ஹெட்செட்டுல சத்தம் வரல்ல. டீவியிலதான் வருது. டீவியக் கூட்டினா வாப்பா ஏசுறாரு" என்றாள்.

விஷயம் இதுதான். படம் பார்ப்பதற்காக யாரோ கணினியிலிருந்து ஹோல் டீவிக்கு எச்.டி.எம்.ஐ. வயரைக் குத்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து கணினியின் சத்தமெல்லாம் டீவிக்குப் போயிருக்கிறது. ஹெட்செட் செத்துவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அதிலும் வரவில்லை. கடைக்குக் கொண்டுபோனார்கள். "சவுண்ட் கார்ட் அடிச்சுப் போச்சு" என்று சொல்லி, விண்டோஸையும் புதிதாகப் போட்டு, ஆறாயிரத்துச் சொச்சம் வாங்கியிருக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து வயரைக் குத்தியதும் மறுபடி பழைய கதை. இதற்குமேல் காசு போட முடியாது என்று வாப்பா முடிவெடுத்துவிட்டார். வகுப்பு நின்றது.

திரையின் வலது பக்கக் கீழ் மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் அடையாளத்தை அழுத்தினோம். ஒரு பட்டியல் வந்தது. அதில் மூன்று பெயர்கள்: டீவி, ஸ்பீக்கர், ஹெட்செட். தெரிவாகியிருந்தது டீவி. அதை ஹெட்செட்டுக்கு மாற்றினோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க நமக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது சொல்லுங்கள், இங்கே பழுதானது எது?

"வருவிளைவுச் சாதனங்கள் இரண்டு தருக" என்று தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் கேட்கிறோம். "ஒலிபெருக்கி, திரை" என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். சரி போட்டுப் புள்ளி கொடுக்கிறோம். ஆனால் ஒரு கணினிக்கு ஒரே நேரத்தில் மூன்று நான்கு ஒலி வருவிளைவுகள் இருக்கலாம், எந்தச் சத்தம் எதற்குப் போகவேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம் என்று எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தோம்? புள்ளி எடுத்த பிள்ளை வீட்டில் ஊமைக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நாமோ மைக்கை மூடச் சொல்கிறோம்.

இன்னும் கவலையான விஷயம் இருக்கிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, வீடே வகுப்பறையானபோது, ஒவ்வொரு வீட்டிலும் "ஒரு கொம்பியூட்டர், நாலு புள்ளைகள்" என்று சண்டை நடந்தது. ஆனால் ஒவ்வொரு செயலியின் சத்தத்தையும் வெவ்வேறு சாதனத்துக்குப் பிரித்து அனுப்பும் வசதி 2018 ஏப்ரல் மேம்படுத்தலிலேயே விண்டோஸ் 10க்கு வந்துவிட்டது. கொரோனாவுக்கு ஏறத்தாழ இரண்டு வருடங்களுக்கு முன்பே. நாம் சண்டை பிடித்துக்கொண்டிருந்த அதே கணினிக்குள் தீர்வு சும்மா கிடந்தது.

அந்தச் சண்டைகள் எப்படி முடிந்தன என்பதையும் மறந்துவிடவேண்டாம். பெரும்பாலும் மூத்த மகள்தான் எழும்பிப் போனாள். "நீ பிறகு பாரு, தம்பி அழுறான்." கணினி தன் பாட்டில் ஒரு வழியைத் தெரிவு செய்கிறது. வீடும் தன் பாட்டில் ஒரு பிள்ளையைத் தெரிவு செய்கிறது. இரண்டையும் மாற்றலாம் என்று யாரும் யோசிக்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? பாடம் நடத்துவதுபோலவே சொல்கிறோம்.

1. சத்தம் வரவில்லை என்றால் முதலில் ஸ்பீக்கர் அடையாளத்தை அழுத்துங்கள். விண்டோஸ் 10இல் சாதனத்தின் பெயருக்குப் பக்கத்திலும், விண்டோஸ் 11இல் சத்தம் கூட்டிக் குறைக்கும் கோட்டின் பக்கத்திலும் ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் பட்டியல் வரும். உங்களுக்குத் தேவையானதைத் தெரிவு செய்யுங்கள். ஸ்பீக்கரே இல்லாத மொனிட்டரின் பெயர்கூட இந்தப் பட்டியலில் வரலாம். அது தெரிவாகியிருந்தால் சத்தம் எங்குமே கேட்காது. கணினி பழுது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

2. இரண்டு பேருக்கு இரண்டு சத்தம் வேண்டுமா? விண்டோஸ் 11இல் அதே ஸ்பீக்கர் அடையாளத்தில் வலது கிளிக் செய்து வொல்யூம் மிக்ஸரைத் திறவுங்கள். விண்டோஸ் 10இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய்க் கீழே இறங்கினால் 'அப் வொல்யூம் அன்ட் டிவைஸ் பிரிபரன்சஸ்' இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் அங்கே வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் அவுட்புட் தெரிவு செய்யலாம். தேடுகிற செயலி தெரியாவிட்டால் அதில் ஏதாவது ஓடவிட்டுப் பாருங்கள். குழம்பிப்போனால் ரீசெட் பொத்தான் இருக்கிறது, பழையபடி ஆகிவிடும்.

3. திரையும் இரண்டாகவேண்டுமென்றால் விண்டோஸ் பொத்தானையும் பீ எழுத்தையும் சேர்த்து அழுத்தி 'எக்ஸ்டென்ட்' கொடுங்கள். தம்பியின் கார்ட்டூன் டீவியில், சத்தமும் டீவியில். ராத்தாவின் ஸூம் மொனிட்டரில், சத்தம் ஹெட்செட்டில். அதே கணினிதான். யாரும் எழும்பிப் போகத் தேவையில்லை.

4. இரண்டையும் குரோமிலேயே திறந்தால் அந்த மிக்ஸரில் பிரிக்க முடியாது. விண்டோஸ் அதை ஒரே செயலியாகத்தான் பார்க்கும். ஒன்றைக் குரோமிலும் மற்றதைப் பயர்பொக்ஸிலோ எட்ஜிலோ திறவுங்கள்.

5. பழைய விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களும் கைவிடவேண்டாம். அதில் செயலிவாரியாகப் பிரிக்கும் வசதி இல்லை. ஆனால் ஸூம் போன்ற செயலிகளுக்குள்ளேயே எந்த ஸ்பீக்கர், எந்த மைக் என்று தெரிவு செய்யலாம். 'சேம் ஏஸ் சிஸ்டம்' என்று விட்டுவிடாமல் ஹெட்செட்டின் பெயரையே தெரிவு செய்யுங்கள். டெஸ்ட் ஸ்பீக்கர் அழுத்திப் பார்த்துவிட்டு வகுப்புக்குள் வாருங்கள்.

6. ப்ளூடூத் ஹெட்செட்டில் வகுப்பு தொடங்கியதும் சத்தம் பழைய டெலிபோன்போல மாறுகிறதா? சாதனம் பழுதில்லை. அதன் மைக்கையும் சேர்த்துப் பாவிக்கும்போது பொதுவாக ஒலியின் தரம் குறையும். மைக்கை மட்டும் லெப்டொப்பின் மைக்குக்கு மாற்றுங்கள். தெளிவு திரும்பிவிடும்.

7. ஒரே வகுப்பை இரண்டு பிள்ளைகள் கேட்பதென்றால் ஒன்றை இரண்டாக்கும் வயர் போதும். ஆனால் அது இரண்டு காதுக்கும் ஒரே சத்தத்தைத்தான் கொடுக்கும். வெவ்வேறு சத்தம் வேண்டுமென்றால் யூ.எஸ்.பி.யில் குத்தும் சிறிய சவுண்ட் கார்ட் வேண்டும். குத்தியதும் பட்டியலில் இன்னொரு பெயராக வந்துவிடும். இது தெரியாமல்தான் கடையில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வருகிறோம்.

இனி, நம்மிடம் சொல்லப்படும் நியாயங்களுக்கு வருவோம்.

"ஹெட்செட் போட்டால் காது போய்விடும்." காதைக் கெடுப்பது ஹெட்செட் அல்ல, அதில் எவ்வளவு சத்தம் வைக்கிறோம், எத்தனை மணித்தியாலம் கேட்கிறோம் என்பதுதான். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணித்தியாலம் 80 டெசிபல் என்றும், பிள்ளைகளுக்கு அதே 40 மணித்தியாலத்துக்கு 75 டெசிபல் என்றும் எல்லை வைத்திருக்கிறது. வீட்டு இரைச்சலை மேவுவதற்காகத்தான் பிள்ளை சத்தத்தைக் கூட்டுகிறது. இரைச்சலைக் குறையுங்கள், ஹெட்செட்டின் சத்தம் தானாகக் குறையும்.

"வசதி இருந்தால் ஆளுக்கொரு லெப்டொப் வாங்கிக் கொடுக்கலாம், நாங்க எங்க போற?" நாம் வாங்கச் சொல்லவில்லை. இருப்பதைப் பாவிக்கத்தான் சொல்கிறோம். அந்தப் பிள்ளையின் வாப்பா புதிய ஹெட்செட்டுக்கும் கடைக்கும் கொடுத்த காசில் அவளுக்கு மொடல் வினாத்தாள்கள் வாங்கியிருக்கலாம்.

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா, இதற்கு ஒரு பதிவா?" வெளிநாட்டிலிருக்கும் வாப்பா உம்மாவோடு கதைக்கிறார். ஹெட்செட் கழன்றதும் கணினி அடுத்த சாதனத்துக்குத் தாவுகிறது. குடும்பத்தின் கடன் கதை முழுக்க ஹோல் ஸ்பீக்கரில், வந்திருந்த விருந்தாளிகளின் காதில். சம்பந்தப்பட்டவர்களுக்கு இது சின்னப் பிரச்சினையா? நமது வீட்டுப் பேச்சு எங்கே ஒலிக்கவேண்டும் என்பதை நாம் தீர்மானிக்காவிட்டால், கடைசியாகக் குத்திய வயர் தீர்மானிக்கும்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் உழைப்பை நாம் குறை சொல்லவில்லை. தெரிந்த வேலைக்குக் கூலி வாங்குங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் ஒரு கிளிக்கில் தீரும் விஷயத்தை "கார்ட் அடிச்சுப் போச்சு" என்று சொல்லி எடுக்கிற காசு, படிக்கிற பிள்ளையின் காசு. தெரியாமல் சொன்னால் கற்றுக்கொள்ளுங்கள். தெரிந்தே சொன்னால் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். கணினியைக் கொண்டுபோகும் பெற்றோரும் வெறுங்கையோடு நிற்கவேண்டாம். "அவுட்புட் பட்டியலைத் திறந்து காட்டுங்க தம்பி, என்னென்ன பெயர் இருக்கு, எது தெரிவாகியிருக்கு?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

கடைசியாக, நமக்கு நாமே சொல்லிக்கொள்வது. சக ஆசிரியர்களே, பதில் சொல்லாத பிள்ளையைக் கவனயீனம் என்று எழுதுமுன், "உங்களுக்கு நமது குரல் எதில் கேட்கிறது?" என்று கேட்போம். எதிரொலி வந்தால் அவள் குழப்படி செய்கிறாள் என்று அர்த்தமில்லை. நமது குரல் அவளது ஸ்பீக்கரிலோ டீவியிலோ போய் மைக்குக்குள் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். தவணை தொடங்கும் முதல் வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கி, எல்லாப் பிள்ளைகளையும் ஸ்பீக்கர் அடையாளத்தை அழுத்த வைப்போம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு கணினியை வைத்து உம்மாமாருக்கும் காட்டுவோம். வீட்டில் பிள்ளையோடு இருப்பவர்கள் அவர்கள்தான்.

அந்த மாணவி இப்போது வகுப்புக்கு வருகிறாள். மைக்கைத் திறந்து கேள்வியும் கேட்கிறாள். ஆனால் தவறிப்போன அந்த ஒரு மாதப் பாடத்தை நாம் இன்னும் திருப்பிக் கொடுத்து முடிக்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவால்ல சேர்" என்றாள். பரவாயில்லை என்று நமக்குத் தோன்றவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறோம்.

இன்றிரவு இஷாவுக்குப் பிறகு வீட்டுக் கணினியைத் திறந்து அந்தப் பட்டியலை ஒரு முறை பாருங்கள். உங்கள் பட்டியலில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று கீழே எழுதுங்கள். விளங்காவிட்டால் கேளுங்கள், பதில் சொல்வோம், தேவையென்றால் வீட்டுக்கே வருவோம். ஊரில் இன்னும் எத்தனை பிள்ளைகள் சத்தமில்லாத கணினியின் முன்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்களோ, அல்லாஹ்வே அறிவான்.