முகாமில் ஒரு மேசை வேண்டும்



மாவட்ட வேலைவாய்ப்பு மையங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி தருகிறார்கள். அதே அக்கறை தனியார் வேலை தேடி வருவோருக்கும் கிடைக்க வேண்டும். வேலைவாய்ப்பு முகாம்களுக்கு உதவச் செல்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஐடிஐ முடித்த பையன் பயோடேட்டாவில் அப்பா பெயர், மதம், உயரம் எல்லாம் எழுதுகிறான். லேத் ஓட்டத் தெரியும் என்பதை விட்டுவிடுகிறான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் கடகடவென்று சொல்கிறான்! 3 ஆண்டுக்கு ஒருமுறை வேலைவாய்ப்பு மையப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் சிலர் மறந்துவிடுகிறார்கள். இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து உதவ, ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் அழைத்தால் வருவார்கள். முகாம் நாட்களில் அவர்களுக்கென ஒரு மேசையை, நுழைவாயில் அருகிலேயே, வேலைவாய்ப்புத் துறை ஒதுக்கித் தர வேண்டும்.

– ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர், ஈரோடு