சிரித்தவர்க்கும் பங்குண்டு

நான்காம் வகுப்பில் என் பக்கத்தில் திக்கித் திக்கிப் பேசும் மாணவன் ஒருவன் இருந்தான். அவனை இருவர் கேலி செய்வார்கள். நாங்கள் நாற்பது பேர் சிரிப்போம். ஆண்டு முடியுமுன் அவன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். நான் அவனை ஒரு நாளும் அடித்ததில்லை; ஆயினும் குற்றமற்றவன் என்று சொல்லிக்கொள்ள மனம் இடந்தரவில்லை.

"சிறுபிள்ளை விளையாட்டு, வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பார் பெரியோர். நார்வேயில் 1982-ஆம் ஆண்டு சக மாணவரின் கொடுமை தாங்காது மூன்று சிறுவர் உயிரை மாய்த்துக்கொண்ட பின்னரே அந்நாட்டு அரசாங்கம் விழித்துக்கொண்டது. மறு ஆண்டே நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது.

கொடுமையை வளர்ப்பதில் வேடிக்கை பார்ப்போரின் சிரிப்புக்குப் பெரும் பங்குண்டு என்று கண்டனர், பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர். அவர்கள் வகுத்த 'கிவா' திட்டம் 2009-இல் அந்நாட்டுப் பள்ளிகளில் பரவலாக நடைமுறைக்கு வந்தது. துன்புறுகிறவனுக்குத் துணை நிற்க வகுப்பு முழுவதுக்குமே அதில் பயிற்சி தருகிறார்கள்.

நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், குழந்தைகளை அடிப்பதையும் மனத்தை வதைப்பதையும் தடை செய்கிறது. நன்று! ஆசிரியர் கைப்பிரம்பைச் சட்டம் பறிக்கலாம். பிள்ளைகளின் சிரிப்பை மாற்றச் சட்டத்தால் ஆகுமா? அதற்கு ஆரம்பப் பள்ளிதோறும் குழந்தை மனமறிந்த ஆலோசகர் ஒருவர் வேண்டும். அதுவரை, வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஆசிரியர் பாடநூலை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பேசவிட்டுக் கேட்கட்டும்.

நம் சங்கத்து அன்பர்களுள் நாளை ஆசிரியராவோர் பலர். உங்கள் வகுப்பில் சிரிக்க மறுக்கும் ஒரு பிள்ளையையாவது உருவாக்குங்கள். என் வகுப்பில் அப்படி ஒருவனும் இல்லை.