செத்த காலேஜ், உயிர் காலேஜ்

வெளியூரிலிருந்து உறவினர் வந்து இறங்கினால் அவர்களுக்குப் பட்டணத்தைச் சுற்றிக் காட்டுவது முன்னாளில் சென்னைவாசிகளின் தலையாய கடமை. "செத்த காலேஜ் பார்த்தாயிற்றா? உயிர் காலேஜ் பார்த்தாயிற்றா?" என்பதுதான் முதற் கேள்வி. எழும்பூர்க் காட்சிசாலைக்கு முதற் பெயர். அங்கே பாடம் செய்த பிராணிகள் அசையாமல் நிற்கும். சென்ட்ரல் ஸ்டேஷனை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சி சாலைக்கு இரண்டாவது பெயர். அங்கே அவை உறுமும்.

படித்தவர்கள் இதைக் கேட்டு நகைத்தார்கள். பாடமும் பரீட்சையும் இல்லாத இடம் காலேஜா என்றார்கள். சரித்திரத்தைப் புரட்டினால் அந்த நகைப்பு அடங்கிவிடும். 1851-ல் அந்தக் காட்சிசாலை ஆரம்பமானதே நுங்கம்பாக்கத்தில், கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்கு நாட்டு பாஷைகள் கற்பித்த காலேஜ் கட்டிடத்தில்தான். 1854-ல் அது எழும்பூருக்குக் குடிபோயிற்று. அதை நிர்வகித்த டாக்டர் பால்பர், 1855-ல் அதே வளாகத்தில் உயிருள்ள பிராணிகளையும் சேர்த்து வளர்க்கலானார். அதிலிருந்து வளர்ந்த மிருகக்காட்சி சாலையே பிற்பாடு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-ல் வண்டலூரை அடைந்தது. ஆக, இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டையும் 'காலேஜ்' என்று சொன்ன பாமர ஜனங்கள் அப்படியொன்றும் பிசகிவிடவில்லை.

கடற்கரைச் சாலையில் உள்ள ஐஸ் ஹவுஸையும் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842-ல் எழுந்த கட்டிடம் அது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் புனிதம் பெற்று, இன்று அவர் திருநாமத்தையே தாங்கி நிற்கிறது. ஆனால் பனிக்கட்டி வியாபாரம் கரைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலான பின்னும், சுற்றியுள்ள பேட்டைக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் கரையவில்லை.

இடப் பெயர்கள் இருக்கட்டும். வசைச் சொற்களுக்கும் வம்சாவளி உண்டு. 'பேமானி' என்பது நாணயமற்றவனைக் குறிக்கும் உருதுச் சொல்லின் மரூஉ. 'பேஜார்' பாரசீகத்திலிருந்து வந்தது. 'துட்டு' டச்சுக்காரரின் செப்புக் காசு. 'கஸ்மாலம்' என்று மீன்காரி திட்டினால் காதைப் பொத்திக்கொள்கிறோம். குருக்ஷேத்திரத்தில் சோர்ந்து நின்ற அர்ச்சுனனைக் கண்ணபிரான் கடிந்துகொண்டபோது கையாண்ட வடசொல் அல்லவா அது! படகோட்டி துடுப்பு வலித்தான் என்று எழுதினால் இலக்கியம். ரிக்ஷாக்காரர் வண்டி வலித்தேன் என்றால் கொச்சையாம். சொல் ஒன்றுதான். சொன்னவருடைய சட்டையில் இருந்த கிழிசல்தான் வித்தியாசம்.

இதில் வேடிக்கை மட்டும் இருந்தால் நான் எழுத வந்திரேன். நம் வீட்டுக் குழந்தை தெருவில் கேட்ட சொல்லைத் திருப்பிச் சொன்னால், "சேரிப் பேச்சு பேசாதே" என்று அதட்டுகிறோம். சினிமாவில் இந்தப் பாஷையைப் பேசுகிறவன் பெரும்பாலும் கோமாளி, இல்லாவிட்டால் போக்கிரி. அதனால், உத்தியோகம் தேடிச் செல்லும் ஏழை வாலிபன், பெற்ற தாயின் பேச்சை வாசற்படியில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருக்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல், கூவத்தின் கரையிலும் கடலோரத்திலும் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றைக் கண்ணகி நகருக்கும் பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். பெயரிட்டவர்கள் ஓரிடம், பெயர் பெற்ற தெருக்கள் ஓரிடம் என்றாகிவிட்டது.

அகராதிக்காரர்கள் இச்சொற்களைத் தொகுக்கட்டும், நல்ல காரியந்தான். ஆனால் அதுமட்டும் போதாது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் ஒரு சொல்லைச் சொன்னால் முகம் சுளிக்காமல், "அதற்கு என்ன அர்த்தம், அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். குழந்தைகளும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். பட்டணத்துப் பாஷை இருக்கவேண்டிய இடம் உயிர் காலேஜ். அதற்குள் பஞ்சடைத்துச் செத்த காலேஜில் நிறுத்திவிட வேண்டாம்.