வண்டலூருக்கு நாடு கடத்தப்படும் பாம்புகள்

ஐப்பசி பிறந்து மழை நாலு நாள் விடாமல் பெய்துவிட்டால், தாம்பரத்தைச் சுற்றியுள்ள முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் சேலையூரிலும் செம்பாக்கத்திலும், வளைகளில் தண்ணீர் ஏறி வெளிக்கிளம்பிய பாம்புகள் செருப்புப் பலகைக்கு அடியிலும் மோட்டார் அறையிலும் தஞ்சம் புகுவதும், வீட்டார் அலறியடித்துக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் செய்வதும், வந்தவர் பிடித்துப் பையில் முடிந்துகொண்டு போவதும் வருஷந்தோறும் நடக்கிற காரியம். கண்டவுடன் தடியெடுத்த ஜனங்கள் இன்று ‘கொல்லாதீர்கள்’ என்று சொல்லத் தலைப்பட்டிருப்பது சந்தோஷத்துக்குரிய மாறுதல்தான். ஆனால் ‘எங்கேயாவது தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விடுங்கள்’ என்று கூடவே அவர்கள் வற்புறுத்துவதும், அவ்வாறே பாம்பு வண்டலூர்க் காட்டிலோ நன்மங்கலம் காப்புக்காட்டிலோ விடப்பட்டதும் ஜீவகாருண்யக் கடமை ஒன்று நிறைவேறிவிட்டதாக நாம் திருப்தியடைவதும் யோசிக்கத்தக்கவை. என் அபிப்பிராயத்தில், தூரம் கூடக்கூட அந்தக் காருண்யம் குறைந்துகொண்டே போகிறது.

எந்த வளையில் எலி அகப்படும், எந்தக் கல்லிடுக்கு கோடையிலும் குளிர்ந்திருக்கும் என்பதையெல்லாம் தான் பழகிய ஒரு சிறு பிரதேசத்துக்குள் அறிந்துவைத்து, அந்த அறிவைக் கொண்டே ஜீவித்திருப்பது பாம்பின் ஸ்வபாவம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிலுகிலுப்பைப் பாம்புகளை வேற்றிடத்தில் விட்டு, உடலில் பொருத்திய ரேடியோக் கருவியால் பின்தொடர்ந்தவர்கள் 1999-இல் வெளியிட்ட முடிவு இது: புதிதாய் விடப்பட்டவை நிலைகொள்ளாமல் அலைந்து பாதிக்கு மேல் மாண்டன, அங்கேயே வாழ்ந்திருந்தவற்றில் மாண்டவை பத்தில் ஒன்று சொச்சமே. கர்நாடகத்து ஆகும்பே மழைக்காட்டிலும், இடம் மாற்றி விடப்பட்ட ராஜநாகம் உள்ளூர் ராஜநாகத்தைவிட வெகுதூரம் சுற்றித் திரிந்ததைக் கண்டிருக்கிறார்கள். அப்படி அலைகிற பிராணி சாலையில் நசுங்கும். அல்லது முன்பின் அறியாத இன்னொருவர் வீட்டு வாசலில் போய் நிற்கும். இங்கே காலியான வளைக்கோ, குப்பைமேடும் எலியும் இருக்கிறவரையில், வேறொரு பாம்பு வந்து சேரும்.

இவ்வளவு பிரயாசையுடன் கடத்தப்படுகிறவற்றில் பல, சாரையும் தண்ணீர்ப்பாம்பும் போன்ற விஷமற்றவை. சுவரேறிப் பல்லி தின்ன வரும் வெள்ளிக்கோல் வரையன் கட்டுவிரியன் என்று கருதப்பட்டே பெரும்பாலும் அடிபடுகிறது. சற்று எட்ட நின்று பார்த்தால் பேதம் தெரியும்: வரையனுக்குப் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வால்பக்கம் மங்கும், கட்டுவிரியனுக்கோ தலைப்பக்கம் மங்கலாகவோ இல்லாமலோ இருந்து, மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாக வால்பக்கம் துலங்கும். சந்தேகமிருந்தால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு விலகி நிற்பதுதான் விவேகம்.

அபாயத்தை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது; தமிழக அரசும் 2024-இல் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக்கியது. தரையில் படுத்துறங்குகிறவனை வலிகூடத் தெரியாமல் கட்டுவிரியன் கடித்துவிட்டுப் போகும். ஆகையால் நாகமோ விரியனோ வீட்டுக்குள் வந்தால், பயிற்சியும் வனத்துறை அனுமதியும் உள்ளவரைக் கொண்டு அதை அகற்றித்தான் ஆகவேண்டும். கேள்வி, அகற்றிய பிறகு எங்கே என்பது.

இதற்கு விடைதேட நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. கிண்டிப் பாம்புப் பண்ணை, 1972-இல் அங்கே குடியேறுமுன், பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரால் முதலில் நடத்தப்பட்டது நம் சேலையூரில்தான் என்பதை இங்குள்ளவர்களில் எத்தனை பேர் அறிவார்களோ! பாம்பு பிடிக்கும் நுணுக்கங்கள் பலவற்றை அவர் கற்றது இருளர் பழங்குடியினரிடம். பாம்புத் தோல் ஏற்றுமதி தடைப்பட்டு ஜீவனோபாயம் இழந்த அவர்களுக்காக 1978-இல் தோன்றிய வடநெம்மேலிக் கூட்டுறவுச் சங்கத்தில், பிடித்த பாம்பைச் சில வாரம் பானையில் வைத்து, மருந்துக்காக விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, மறுபடி வெளியில் விட்டுவிடுகிறார்கள். அச்சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ அளித்துக் கௌரவித்த நாம், பாம்பை விரோதியாகப் பாராமல் அதன் இருப்பிடம் அறிந்து நடந்துகொள்ளும் அவர்களுடைய வழக்கத்தை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

அதைக் கற்றால், பிடித்த இடத்துக்கு இயன்றமட்டும் அருகிலேயே, அடுத்த புதரிலோ ஏரிக்கரையிலோ விடுவதுதான் உசிதம் என்பது விளங்கும். ஆனால் அந்தப் புதர் எங்கே? கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தையும் விமானப்படைத் தளத்தையும் நீக்கிப் பார்த்தால், தாம்பரத்தில் பாம்பு ஒதுங்க மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஏரிக்கரைகளே. அவற்றையும் அழகுபடுத்துகிறோம் என்று கல்பதித்து வழித்து வைத்துவிட்டால், அங்கிருந்த பாம்பு நம் மோட்டார் அறைக்குத்தான் வரும். ஏரிக்கு ஏரி ஒரு பக்கக் கரையையாவது, நடைபாதையும் விளக்குக்கம்பமும் இல்லாமல், புதராகவே விட்டுவைக்கும்படி தாம்பரம் மாநகராட்சிக்கு அந்தந்த வார்டு வாசிகள் மனுக் கொடுக்கலாம். பாம்புக்காக ஒரு மனுவா என்று கவுன்சிலர் சிரித்தால், சிரித்துவிட்டுப் போகட்டும்.