வேலி பாய்ந்தவனுக்குச் சிறை, வீட்டைப் பிடித்தவனுக்கு?

வீடுடைத்த கள்வனை இந்நாட்டுச் சட்டம் இலேசில் விடுவதில்லை. பூட்டை உடைத்தாலும், சுவரைத் துளைத்தாலும், மதிலேறி யன்னல் வழியே இறங்கினாலும் அது வீடுடைத்தலே என்று 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை விதிக்கின்றது. உடல் முழுவதும் உட்புக வேண்டுமென்பதுமில்லை. துளையினூடே கை நுழைந்தாலே போதும். ஒரு செம்பேனும் களவு போயிருக்க வேண்டியதில்லை. குற்றம் புரியும் எண்ணத்தோடு புகுந்தமை நிறுவப்பட்டாற் போதும். சூரியன் மறைந்தபின் செய்தால் தண்டனை மேலும் கடுமையாகும்.

ஏன் இத்தனை கடுமை? களவுபோன பொருளுக்கு விலையுண்டு. தன் கூரையின்கீழ் அச்சமின்றி உறங்கும் உரிமைக்கு விலையில்லை. அந்த உரிமையையே சட்டம் காக்கின்றது.

வீடு மட்டுமன்று, தோட்டமும் இக்காவலுக்கு உட்பட்டதே. பிறர் ஆட்சியிலுள்ள காணியில் குற்றம் புரியவோ, அங்குள்ளவரை அச்சுறுத்தவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ எண்ணிப் புகுதல் 427 ஆம் பிரிவின்படி குற்றம். முறையாகப் புகுந்தவனும் அதே எண்ணத்தோடு முறையின்றித் தங்கிவிட்டால் அவனும் குற்றவாளியே. இந்த இரண்டாம் பகுதியை உழவரும் உத்தியோகத்தரும் நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இனி வலிகாமம் வடக்கைப் பார்ப்போம். பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, வசாவிளான் மக்கள் 1990 இல் போரினால் வெளியேறினர். வெங்காயமும் புகையிலையும் விளைந்த செம்மண் நிலம் முள்வேலிக்குள் அகப்பட்டது. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது, முள்வேலியோ முடியவில்லை. 2013 ஏப்பிரலிலேதான், அஃதாவது 23 ஆண்டுகள் கழித்தே, காணி எடுத்தற் சட்டத்தின் 2 ஆம் பிரிவின்கீழ் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரிமையாளரைக் கண்டறிய இயலவில்லை என்று அதற்குக் காரணமும் காட்டப்பட்டது! நலன்புரி முகாம்களில், கூப்பிடு தூரத்தில், உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த மக்களையா கண்டறிய இயலவில்லை?

அம்மக்களுள் 2,000 பேருக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றப் படியேறித் தாம் யாரென்று காட்டினர்.

இராணுவத்தினரைக் கள்வரென்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. எண்ணம் நிறுவப்படாமல் எவரையும் குற்றவாளியென்று சொல்லச் சட்டம் இடந்தராது. போர்க்காலத்துத் தேவை வேறென்று வாதிடுவோரும் உளர். அவ்வாதத்தை ஒரு பேச்சுக்கு ஏற்போம். புகுந்தது முறையென்றே கொள்வோம். தேவை தீர்ந்தபின் தங்கியிருப்பது எம்முறை? காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவத்தினர் உல்லாச விடுதி நடத்துவது எந்தப் பாதுகாப்பைச் சேர்ந்தது?

2015 இன் பின் பகுதி பகுதியாகக் காணி விடப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017 இல் திரும்பியது. முல்லைத்தீவில் கேப்பாப்புலவு மக்கள் அதே ஆண்டில் வீதியோரம் அமர்ந்து போராடித் தம் காணியில் ஒரு பகுதியை மீட்டனர். ஆனால் எடுத்த காணி முழுவதும் இன்றுவரை உரியவரிடம் சேரவில்லை. திருப்பிக் கொடுத்ததைச் சலுகையென்று மேடைகளிற் பேசுகின்றனர். பிறர் பொருளிற் பாதியைத் திருப்பிக் கொடுத்தவன், மீதிப் பாதிக்கு உரிமையாளனாவானா?

நாம் கேட்பது பிச்சையன்று. இன்னும் பிடித்துவைத்துள்ள ஒவ்வொரு காணியின் பெயரும் பரப்பும் பகிரங்கப்படுத்தப்படல் வேண்டும். உரியவருக்கு அவை மீளல் வேண்டும். இழந்த விளைச்சலுக்கும் இடித்த வீட்டுக்கும் நட்டஈடு கொடுபடல் வேண்டும்.

காணிக்குரியோர் செய்யவேண்டியதும் உண்டு. உறுதி தொலைந்திருப்பின் காணிப் பதிவகத்திற் பிரதி பெறுக. உரிமையாளர் இறந்திருப்பின் வாரிசுரிமையை ஒழுங்குபடுத்துக. பழைய வரிச்சிட்டையும் நில அளவைப் படமும் சேர்த்துவைக்க. சட்டம் படித்தோர் ஊர்தோறும் சென்று இவ்வேலைக்குத் தோள் கொடுப்பாராக. உரிமையாளரைக் காணவில்லை என்ற சொல்லை இனியொருமுறை எழுத எவருக்கும் நாம் இடமளிக்கலாகாது.