கிட்டி தெரியுமா உங்களுக்கு?

பேரையூர் டீக்கடையில் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் கேட்டேன். "அண்ணே, கஜுலு லட்சுமிநரசு செட்டியார்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?" டீயை ஆற்றியபடியே அவர் திருப்பிக் கேட்டார்: "எந்தக் கட்சி?"

சிரிக்காதீர்கள். உங்களுக்கு மட்டும் தெரியுமா?

காங்கிரஸ் பிறந்தது 1885ல். அதற்கு 33 வருஷம் முன்னாலேயே, 1852ல், சென்னைவாசிகள் சங்கத்தை ஆரம்பித்தவர் இந்தச் செட்டியார். பெரிய வியாபாரி. 'கிரசன்ட்' என்று சொந்தமாகப் பத்திரிகையும் நடத்தினார்.

அந்தக் காலத்தில் தீர்வை கட்ட வழியில்லாத விவசாயிக்கு என்ன நடக்கும் தெரியுமா? கிட்டி! விரல்களைக் கட்டைகளுக்கு நடுவில் வைத்து நெரிப்பார்கள். இல்லாவிட்டால் குனியவைத்து, கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் இழுத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவார்கள்.

1853ல் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் எம்.பி. டேன்பி சீமோரை ஊர் ஊராகக் கூட்டிப்போய் இதையெல்லாம் நேரில் கேட்கவைத்தார் செட்டியார். 1854ல் விஷயம் லண்டன் பார்லிமென்டில் வெடித்தது. விசாரணைக் கமிஷன் போட்டார்கள். வரி வசூலுக்குச் சித்திரவதை நடப்பது நிஜம்தான் என்று 1855ல் அந்தக் கமிஷனே எழுதிக் கொடுத்தது.

"மனுப் போட்டவர்தானே, இதுல என்ன வீரம்?" என்று கேட்பீர்கள். வாஸ்தவம், அவர் புரட்சிக்காரர் இல்லை. கம்பெனி போய் ராணி ஆளட்டும் என்று கேட்டவர்தான். ஆனால் அடிபட்டவனைச் சாட்சியாக்கி, அடித்த அரசாங்கத்தையே ஒப்புக்கொள்ளவைத்தாரே, அதுக்குப் பெயர் என்ன? பொதுக்காரியத்தில் சொத்தையெல்லாம் கரைத்துவிட்டு 1868ல் ஏழையாகச் செத்தார். அரசியலுக்கு வந்து ஏழையானவர்! இந்த ஒன்றுக்கே சிலை வைக்கலாம்.

அவரை நாம் மறந்ததற்கு எனக்கொரு காரணம் தோன்றுகிறது. கிட்டியைத் திருகிய கைகள் பெரும்பாலும் வெள்ளைக்காரன் கைகள் இல்லை. கீழ்மட்டத்தில் இருந்த நம்ம ஆட்களின் கைகள். கமிஷன் அறிக்கையும் அதைத்தான் சொன்னது. வெள்ளைக்காரனைத் திட்டும் கதை நமக்கு இனிக்கும். நம்மையே காட்டும் கதை கசக்கும்.

2020ல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும். 2025ல், மதுரைக்குப் பக்கத்துத் திருப்புவனத்தில், விசாரணைக்குக் கூட்டிப்போன கோயில் காவலாளி. அடித்தவர்கள் லண்டனில் இருந்தா வந்தார்கள்?

பெரியவர் கேட்டது "எந்தக் கட்சி?" என்றுதானே. இப்போது சொல்கிறேன். அடிபட்டவன் கட்சி, அண்ணே. அந்தக் கட்சியில் அன்றைக்கும் கூட்டம் கம்மிதான். நீங்களாவது சேருவீர்களா?